பத்து மதிப்பெண் கேள்வி

எரிக் எரிக்சனுக்குக் கல்லூரிப் பட்டம் கிடையாது. பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு, ஓவியம் வரைகிறேன் என்று ஐரோப்பாவில் சில வருடங்கள் சுற்றினார். 1927-ல் வியன்னாவில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் வேலை கிடைத்தது. அங்கே ஆனா ஃபிராய்டிடம் உளப்பகுப்பாய்வு கற்றார், மாண்டிசோரி சான்றிதழ் ஒன்றும் வாங்கினார். பிற்பாடு ஹார்வர்டில் பேராசிரியராகவே ஆகிவிட்டார். இன்றைக்கு அவர் நம்மூரில் ஆசிரியர் தகுதித் தேர்வு எழுத வந்தால் விண்ணப்பத்தையே ஏற்க மாட்டார்கள். அந்தத் தேர்வில் குழந்தை மேம்பாட்டுப் பகுதிக்கு 30 மதிப்பெண். அதில் அவரைப் பற்றியே கேள்வி வரும்.

1982-ல் திருநெல்வேலியில் நான் பி.எட். படித்தபோது இதையெல்லாம் யாரும் சொல்லித்தரவில்லை. எங்கள் பேராசிரியை கரும்பலகையில் எட்டுக் கட்டம் போடுவார். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு வயது, ஒரு சண்டை. முதல் வருடத்தில் நம்பிக்கைக்கும் அவநம்பிக்கைக்கும் சண்டை. கிழப்பருவத்தில் மனநிறைவுக்கும் மனக்கசப்புக்கும். இடையில் ஆறு. வாய்ப்பாடு ஒப்பிப்பதுபோல் ஒப்பித்தோம். ஆறாவது கட்டம் இருபதுகளின் தொடக்கம்: நெருக்கமா, தனிமையா? வகுப்பு மொத்தமும் அந்தக் கட்டத்துக்குள்தான் உட்கார்ந்திருந்தது. விடுதியில் பாதிப் பேருடைய ஜாதகம் ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தது. என்னையே ஒரு சனிக்கிழமை தூத்துக்குடியிலிருந்து வந்து பெண் பார்த்துவிட்டுப் போனார்கள். மாப்பிள்ளை மூன்று கேசரி சாப்பிட்டார், ஒரு வார்த்தை பேசவில்லை. திங்கட்கிழமை வகுப்புத் தேர்வில் நெருக்கத்துக்கும் தனிமைக்கும் எடுத்துக்காட்டு கேட்டிருந்தார்கள். கைடில் இருந்த அமெரிக்க உதாரணத்தை அப்படியே எழுதினேன். முழு மதிப்பெண்.

பிறகு ஓர் ஆசிரியர் பயிற்சி நிறுவனத்தில் அதே எட்டுக் கட்டத்தை நானே போட ஆரம்பித்தேன். சாக்பீஸ் மட்டும் மாறியது.

1987-ல் மகன் பிறந்தான். நிறுவனத்து நூலகத்தில் ஆர்னால்ட் கெசெலின் புத்தகம் ஒன்று, யாரும் தொடாமல், பைண்டு பிரிந்து கிடந்தது. கெசெல் யேல் பல்கலைக்கழகத்தில் குவிமாடம் மாதிரி ஓர் அறை கட்டி, அதற்குள் குழந்தைகளை விட்டு, வெளியிலிருந்து படம் பிடித்து, எந்த வாரத்தில் எது வரவேண்டும் என்று கணக்கு எழுதியவர். அந்தக் கணக்கு நியூ ஹேவன் நகரத்து நடுத்தர வர்க்க வெள்ளைக்காரப் பிள்ளைகளுடையது. அதை நான் கிராஃப் தாளில் வரைந்து, பாளையங்கோட்டையில் எங்கள் பீரோக் கதவின் உட்பக்கம் ஒட்டி வைத்தேன்.

அத்தையிடமும், அதாவது என் மாமியாரிடமும், ஒரு கணக்கு இருந்தது. குப்புற விழுந்தால் ஒரு பலகாரம், தவழ்ந்தால் ஒரு பலகாரம், பல் முளைத்தால் பல் கொழுக்கட்டை. அவருடைய கணக்கில் மாதம் கிடையாது. எப்போது வருகிறதோ அப்போது அரிசியை ஊறப்போடுவார்.

மகன் தவழவில்லை. எட்டாம் மாதம் போயிற்று, ஒன்பது போயிற்று. பத்தாம் மாதம் உட்கார்ந்த நிலையிலேயே ஒரு காலை மடக்கி, ஒரு கையைத் தரையில் ஊன்றி, பிட்டத்தைத் தேய்த்துத் தேய்த்து முற்றத்தைக் கடந்தான். வேகம் என்றால் அப்படி ஒரு வேகம். நான் கிராஃப் தாளைப் பார்த்தேன். அதில் பிட்டத்துக்குக் கட்டமே இல்லை. அத்தை புளி எடுத்துக்கொண்டிருந்தார், தலை நிமிரவில்லை. “இவன் அப்பனும் இப்படித்தான் தாயி. முற்றத்துச் சிமிண்டு தேஞ்சதே தவிர அவன் தவழல. பைய நடப்பான், விடு.” பதினான்காம் மாதம் நடந்தான்.

இப்போது அவன் டெக்சாஸில் இருக்கிறான். 2022 ஜனவரியில் நடு இரவில் போன் செய்தான். “அம்மா, பாப்பா தவழவே மாட்டேங்கிறா. ஆப்ல சிவப்பா காட்டுது.” நான் அத்தையின் வாக்கியத்தை, அத்தையின் குரலிலேயே சொன்னேன். அவன் நம்பவில்லை. அடுத்த மாதம் அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் குழந்தைகளின் வளர்ச்சிப் பட்டியலைத் திருத்தி வெளியிட்டது. தவழ்தல் அதிலிருந்து அடியோடு போய்விட்டது. இந்த வயதுக்குள் தவழவேண்டும் என்று உறுதியாகச் சொல்லப் போதுமான ஆதாரம் இல்லையாம். குழந்தைகளுக்கு உடற்பயிற்சி சிகிச்சை கொடுப்பவர்கள் பலர் கோபித்துக்கொண்டார்கள், இன்னும் வாதாடுகிறார்கள். என் மகனின் ஆப்பில் அடுத்த அப்டேட்டில் சிவப்பு மறைந்தது. முந்தின நாள் பின்தங்கியிருந்த பாப்பா, ஓர் அங்குலமும் நகராமல் மறுநாள் தேறிவிட்டாள். அத்தை இருந்திருந்தால் ஒரு பலகாரம் மிச்சம் என்று சொல்லியிருப்பார்.

பற்றுக் கோட்பாடு என்று ஒன்று இருக்கிறது. ஜான் பௌல்பி 1951-ல் உலக சுகாதார நிறுவனத்துக்கு எழுதிக்கொடுத்த அறிக்கையில், தாயின் இடைவிடாத அன்பு இல்லாவிட்டால் பிள்ளைக்கு என்னென்ன ஆகும் என்று விளக்கினார். வேலைக்குப் போகும் தாய்மார்களை அந்த அறிக்கை பல வருடங்கள் தூங்கவிடவில்லை. பிறகு மேரி ஐன்ஸ்வொர்த் பால்டிமோரில் அதற்கு ஒரு சோதனை வகுத்தார். ஓர் அறை, பொம்மைகள், தாய், ஒரு வயதுக் குழந்தை, ஓர் அந்நியர். தாய் வெளியே போவாள், திரும்பி வருவாள். பிள்ளை என்ன செய்கிறது என்று பார்க்கவேண்டும். எல்லாம் இருபது நிமிடச் சொச்சத்தில் முடிந்துவிடும். நான் இதை ரசித்துப் பாடம் எடுத்துவிட்டு, மூன்றே முக்கால் பஸ்ஸைப் பிடிக்க ஓடுவேன். என் பிள்ளை வீட்டில் ஆச்சியிடம் இருந்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தச் சோதனையை வீட்டில் செய்து பார்க்கலாம் என்று தோன்றியது. முதல் சிக்கல், ஆள் இல்லாத அறை கிடைக்கவில்லை. இரண்டாவது சிக்கல், அந்நியர் கிடைக்கவில்லை. பால்காரர், எல்.ஐ.சி. ஏஜெண்டு, பக்கத்து வீட்டு அக்கா என்று எல்லோர் இடுப்பிலும் உட்கார்ந்து பழகிய பிள்ளைக்கு யாரை அந்நியராக்குவது? சரி என்று, நான் மட்டும் சத்தம் இல்லாமல் வெளியே போய்த் தெருத் திண்ணையில் உட்கார்ந்தேன். அழுகைச் சத்தம் வரவில்லை. ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். என் நாத்தனார் மடியில் கிடந்து அவளுடைய தாலிச்சரட்டைக் கடித்துக்கொண்டிருந்தான். நான் திரும்பி உள்ளே வந்தபோதும் நிமிர்ந்து பார்க்கவில்லை. புத்தகப்படி இது ‘தவிர்க்கும் பற்று’. தாயிடம் ஏதோ கோளாறு. அந்த நேரம் பார்த்து அத்தை பூ வாங்க வாசலுக்கு இறங்கினார். பிள்ளை வீறிட்ட வீறிடலில் பூக்காரி கூடையை இறக்கி வைத்துவிட்டு உள்ளே ஓடி வந்தாள். பற்று முறையாக, பாதுகாப்பாக, வேறு முகவரியில் இருந்தது.

இதே சோதனையை 1980-களில் ஜப்பானின் சப்போரோவில் செய்தபோது பல குழந்தைகள் தேற்றவே முடியாதபடி அழுதன. காரணம், அம்மாவை விட்டு அவை தனியாக இருந்தது மிக அபூர்வம். எங்கள் வீட்டுப் பிள்ளை அழாததற்கும் சப்போரோப் பிள்ளைகள் அழுததற்கும் காரணம் பிள்ளைகளின் மனசில் இல்லை, வீட்டின் ஆள் எண்ணிக்கையில் இருந்தது. டெக்சாஸில் இப்போது பாப்பா டே கேருக்குப் போகிறாள். அங்கே கேமரா உண்டு. என் மகன் மீட்டிங் நடுவில் போனைத் திறந்து பார்ப்பான். பாப்பா களிமண்ணை உருட்டிக்கொண்டு சந்தோஷமாக இருப்பாள், அவனுக்குத்தான் கண் கலங்கும். அப்பாவுக்கான சோதனையை ஐன்ஸ்வொர்த் வகுக்கவில்லை.

அடுத்தது ஒரு டம்ளர் சோதனை. ஜான் பியாஜே 1896-ல் சுவிட்சர்லாந்தில் பிறந்தவர். ஜாக்குலின், லூசியென், லோரான் என்ற தன் மூன்று குழந்தைகளையும் மணிக்கணக்கில் கவனித்து, மனைவி வாலன்டினையும் கவனிக்கச் சொல்லி, அதிலிருந்து உலகத்துப் பிள்ளைகளின் அறிவு எப்படி வளர்கிறது என்று எழுதினார். அவருடைய பெயர்பெற்ற சோதனை இது: ஒரே மாதிரி இரண்டு கிளாஸில் ஒரே அளவு தண்ணீர். ஒன்றை ஒல்லியான, உயரமான கிளாஸில் மாற்றி ஊற்றி, இப்போது எதில் அதிகம் என்று கேட்பது. ஏழு வயதுக்குக் கீழே பெரும்பாலும் உயரமானதைக் காட்டும். தென்னிந்திய வீடு எதிலும் இந்தச் சோதனைக்குத் தனியாக உபகரணம் வேண்டாம். டவரா செட்டு இருக்கிறது.

மகனுக்கு நாலரை வயதில் செய்தேன். எவர்சில்வர் டம்ளர் இரண்டு, இரண்டிலும் கோடு வரைக்கும் பால். “ரெண்டும் ஒண்ணா?” “ஒண்ணு.” ஒரு டம்ளரை டவராவில் கவிழ்த்தேன். பால் அகலமாகப் பரவி, அடியோடு கிடந்தது. “இப்போ?” டம்ளரைக் காட்டினான். “இதுலதான் நிறைய.” திரும்ப டம்ளரிலேயே ஊற்றினேன். “இப்போ?” “ஒண்ணு.” மறுபடி டவரா. மறுபடி “டம்ளர்ல நிறைய.” எனக்கு வந்த பெருமையைச் சொல்லி முடியாது. மற்றத் தாய்மார்கள் பிள்ளை சரியான விடை சொன்னால் மகிழ்வார்கள். நான் அவன் சரியான வயதில் சரியான தப்பைச் சொன்னதற்கு மகிழ்ந்துகொண்டிருந்தேன்.

அத்தை அடுப்படியிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தவர், “எந்தப் பாலு வேணும்ல உனக்கு?” என்று கேட்டார். அவன் சட்டென்று டவராவை எடுத்துக் குடித்தான். ‘குறைவான’ பாலை. “ஏம்ல அத எடுத்த?” “அதான் ஆறியிருக்கு ஆச்சி.” ஆற்றி ஆற்றி நானே ஆற வைத்திருந்தேன். அளவு அவனுக்கு ஒரு பொருட்டே இல்லை, டீச்சர் அம்மாவுக்குத்தான் பொருட்டு. அந்தப் பதிலை எந்த நிலையில் சேர்ப்பது என்று தெரியாமல் என் குறிப்பேட்டில் எழுதாமல் விட்டேன்.

பியாஜேயோடு மல்லுக்கட்டியவர்கள் பலர் இருக்கிறார்கள் என்பதும், அவர்களில் சிலர் அத்தையின் கட்சி என்பதும் பல வருடம் கழித்துப் படித்தபோது தெரிந்தது. எடின்பரோவின் மார்கரெட் டொனால்ட்சனும் அவரோடு வேலை செய்தவர்களும், பெரியவர் ஒருவர் எதையோ மாற்றி வைத்துவிட்டு முதலில் கேட்ட அதே கேள்வியைத் திரும்பக் கேட்டால், முந்தின பதில் தப்புபோல என்று பிள்ளை நினைக்கும் என்றார்கள். 1970-களில் ஒரு குறும்புக்காரக் கரடி பொம்மை வந்து வரிசையைக் கலைத்துவிட்டதாக வைத்துச் சோதித்தபோது, சரியாகச் சொன்ன பிள்ளைகளின் எண்ணிக்கை எக்கச்சக்கமாக ஏறியது. பேட்ரிஷியா கிரீன்ஃபீல்ட் 1960-களில் செனகலில் ஊலோஃப் பிள்ளைகளிடம் செய்தபோது, வெள்ளைக்கார அம்மா ஊற்றினால் ஏதோ மந்திரம் செய்துவிட்டாள் என்றன. தாங்களே ஊற்றிப் பார்த்தால் அளவு மாறவில்லை என்றன. மெக்சிகோவில் குயவர் வீட்டுப் பிள்ளைகள் களிமண் கேள்வியில் மற்றப் பிள்ளைகளைவிட நன்றாகவே செய்தார்கள். இவை ஒன்றும் எங்கள் பாடத்திட்டத்தில் வரவில்லை. பாடத்திட்டத்துக்குப் பியாஜேயின் நான்கு நிலை போதும், அதற்குமேல் போனால் பத்து மதிப்பெண்ணில் அடங்காது.

போன வருடம் ஊருக்கு வந்த பேத்தியிடம், வயது நாலு, அதே டவராவை எடுத்தேன். ஊற்ற ஆரம்பிக்கும் முன்பே, “பாட்டி, இது அந்த வீடியோதானே? ரெண்டும் சேம்” என்றாள். யூடியூபில் பார்த்திருக்கிறாளாம். வீடியோவில் வந்த பையன் தப்பாகச் சொன்னதை நடித்தும் காட்டினாள். அவள் எந்த நிலையில் இருக்கிறாள் என்று பியாஜே வந்தாலும் சொல்வது கஷ்டம்.

பிள்ளை வளர்ப்பைப் பற்றி எழுதியவர்களின் சொந்த வீட்டை ரொம்பக் கிளறக்கூடாது என்பது என் கட்சி. ரூசோ 1762-ல் ‘எமீல்’ எழுதி உலகத்துக்கே பிள்ளை வளர்க்கக் கற்றுக்கொடுத்தார். தனக்குப் பிறந்த ஐந்தையும் அனாதை இல்லத்தில் விட்டவர் அவர். நம் அடையாற்றில் 1939 முதல் தங்கி, போர்க்காலம் முழுக்க இந்திய ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்த மரியா மாண்டிசோரி, தன் மகன் மாரியோவைச் சிறு வயதில் வேறு குடும்பத்திடம் வளரவிட்டவர். மணமாகாத தாய்க்கு அந்தக் கால இத்தாலியில் வேறு வழி இல்லை. அதே மாரியோதான் வளர்ந்த பிறகு அவரோடு அடையாற்றுக்கும் வந்தார். அந்த வலி இல்லாதிருந்தால் அவர் பிள்ளைகளை அவ்வளவு உற்றுப் பார்த்திருப்பாரா என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. மூன்று வேளையும் பிள்ளைக்கு ஊட்டிக்கொண்டிருந்த அத்தைக்குக் கோட்பாடு எழுத நேரம் எங்கே இருந்தது?

ஒழுக்க வளர்ச்சிக்கு நிலை பிரித்த கோல்பர்க்கைக் கேலி செய்தது நான் இல்லை, என் மாணவிகள். அவர் 1958-ல் ஆராய்ச்சிப் பட்டத்துக்காகச் சிகாகோப் பக்கத்துப் பிள்ளைகளிடம் ஒரு கதை சொல்லிக் கேட்டார். அத்தனையும் பையன்கள். ஹைன்ஸ் என்பவரின் மனைவி சாகக் கிடக்கிறாள். மருந்தைக் கண்டுபிடித்தவன் பத்து மடங்கு விலை சொல்கிறான். கையில் பாதிப் பணம்தான் இருக்கிறது. ஹைன்ஸ் மருந்தைத் திருடலாமா? ஆமா, இல்லை என்பதைவிட, சொல்லும் காரணத்தை வைத்து ஆறு நிலை. இதை வகுப்பில் சொன்னதும் சங்கரன்கோவில் பக்கத்துப் பெண் ஒருத்தி எழுந்து, “டீச்சர், அந்த ஊர்ல பெரியாஸ்பத்திரி இல்லையா?” என்றாள். இன்னொருத்தி, திங்கட்கிழமை கலெக்டரிடம் மனு கொடுக்கலாம் என்றாள். மூன்றாவது ஒருத்தி, மருந்துக்கடைக்காரன் பொண்டாட்டியைத் தனியாகப் பார்த்துப் பேசினால் காரியம் நடக்கும் என்றாள். திருடுவதா வேண்டாமா என்ற கேள்விக்கு ஒருத்தியும் வரவில்லை. கேரல் கில்லிகன் 1982-ல் எழுதிய புத்தகத்தில் ஏமி என்ற பதினோரு வயதுப் பெண் இதே தினுசில்தான் பதில் சொல்கிறாள்: கடன் வாங்கலாம், உட்கார்ந்து பேசலாம். கோல்பர்க் கணக்கில் அவளுக்குக் கூடப் படித்த பையனைவிடக் குறைந்த நிலை. என் மாணவிகளுக்கும் அதே கதிதான் என்று சொன்னதும், “பரவால்ல டீச்சர், பேசண்டு பொழச்சா போதும்” என்றார்கள். நான் ஓய்வு பெறும் வருடத்து வகுப்பில் இதே கேள்விக்கு, போனில் லிங்க் அனுப்பிப் பணம் திரட்டலாம் என்று பதில் வந்தது.

வளரிளம் பருவத்துக்கு எரிக்சன் அடையாளக் குழப்பம் என்று பெயர் வைத்து, அதற்குச் சமூகம் கொஞ்ச காலம் அவகாசம் தரவேண்டும் என்றார். தான் ஐரோப்பா சுற்றிய வருடங்களை நினைத்துச் சொல்லியிருக்கலாம். எங்கள் வீட்டில் அந்த அவகாசம் பிளஸ் டூ பரீட்சை முடிந்த நாளிலிருந்து ரிசல்ட் வரும் நாள் வரை. நான் யார், எதற்கு வந்தேன் என்றெல்லாம் மகன் அதற்குள் யோசித்து முடித்திருக்கவேண்டும். முடிக்கவில்லை, அண்ணா பல்கலைக்கழகக் கவுன்சலிங்கில் அவன் அப்பா முடித்துவைத்தார்.

தமிழ்த்துறைத் தோழி ஒருத்தி, இதெல்லாம் நம்மவர்கள் எப்போதோ சொன்னது என்பாள். பெண்ணுக்குப் பேதையில் தொடங்கிப் பேரிளம்பெண் வரை ஏழு பருவம், பிள்ளைத்தமிழில் செங்கீரை, சப்பாணி, அம்புலி என்று பத்து. உண்மைதான். ஐந்தாம் மாதத்துக் குழந்தை கையை ஊன்றித் தலையைத் தூக்கி ஆடுவதைச் செங்கீரை பாடிய புலவர்கள் பார்க்காமல் பாடவில்லை. ஆனால் முருகனும் மீனாட்சியும் எந்தப் பருவத்திலும் பின்தங்கியதாக வரலாறு இல்லை. பேரிளம்பெண்ணும் நாற்பது வயதோடு நின்றுபோகிறாள். எனக்கு அந்த வயது வந்தபோதுதான் மகனுக்கு சைக்கிள், மாமனாருக்குக் கண் ஆபரேஷன், வீட்டுக் கடன் எல்லாம் சேர்ந்து வந்தன. அந்தக் கட்டத்துக்கு எரிக்சன் தேக்கம் என்றும் பெயர் வைத்திருந்தார். தேங்கி நிற்க எங்கே விட்டார்கள்?

கிழப்பருவம் உட்பட எட்டுக் கட்டத்தையும் எரிக்சன் எழுதிய புத்தகம் 1950-ல் வந்தது. அப்போது அவருக்கு 48 வயது. அதாவது எட்டாவது கட்டம், அங்கே போகாதவர் எழுதிய பயணக் கட்டுரை. அவரும் மனைவி ஜோனும் தொண்ணூறை எட்டிய பிறகுதான், எட்டோடு முடியவில்லை என்று தெரிந்தது. அவர் 1994-ல் காலமானார். ஜோன் ஒன்பதாவது கட்டம் ஒன்றைச் சேர்த்து எழுதினார், 1997-ல் புத்தகமாக வந்தது. உடம்பு கைவிடும்போது முதல் கட்டத்துச் சண்டையிலிருந்து எல்லாம் திரும்ப வருகிறது என்றார். எங்கள் பாடத்திட்டத்தில் அதற்குப் பிறகும் எட்டுதான்.

பழசை நினைத்துப் பார்ப்பது எட்டாவது கட்டத்தின் வேலை என்பார்கள். எனக்கும் ஒன்று இருக்கிறது: நாலு வயதில் ஆனித் தேரோட்டக் கூட்டத்தில் தொலைந்து, வாகையடி முக்கில் ஒரு வளையல் கடைப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன், கடைக்காரர் கையில் அல்வா கொடுத்தார், இலை சுட்டது. என் அக்கா இது தன்னுடைய ஞாபகம் என்கிறாள். வளையல்களின் நிறத்தைக்கூடச் சொல்கிறாள். பியாஜேக்கும் இப்படி ஒன்று உண்டு. குழந்தையாகத் தள்ளுவண்டியில் போனபோது பாரீஸ் சாம்ப்ஸ் எலிசே சாலையில் ஒருவன் தன்னைக் கடத்தப் பார்த்ததும், ஆயா போராடி முகத்தில் கீறல் வாங்கியதும் படம்போல் கண்ணில் நின்றது அவருக்கு. அவருக்குப் பதினைந்து வயது வாக்கில் அந்த ஆயா அவருடைய பெற்றோருக்குக் கடிதம் எழுதினாள்: நடந்ததெல்லாம் கட்டுக்கதை, பரிசாகத் தந்த கடிகாரத்தை வாங்கிக்கொள்ளுங்கள் என்று. நாங்களும் தீர்ப்புக்கு அம்மாவிடம் போனோம். “நீங்க ரெண்டு பேரும் எங்க தொலைஞ்சீங்க? உங்க சித்தப்பாதான் தொலைஞ்சான். குடிச்சுப்போட்டுத் தேருக்கு அடியில படுத்திருந்தான்” என்றாள்.

அம்மாவுக்கு 87. ஞாபகம் கொஞ்சம் தடுமாறுகிறதே என்று ஒரு டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். என் மகனைவிடச் சின்னப் பையன். ஃபாரத்தை வைத்துக்கொண்டு அன்பாகத்தான் கேட்டார். என்ன வருடம், என்ன மாதம், இது எந்த ஊர். பிறகு, “பாட்டி, மூணு வார்த்தை சொல்றேன், ஞாபகம் வச்சுக்கோங்க: ஆப்பிள், மேசை, காசு.” அம்மா தலையாட்டினாள். “இப்போ நூறுலேர்ந்து ஏழு ஏழா கழிச்சுக்கிட்டே வாங்க.”

“தொண்ணூத்தி மூணு.”

“அப்புறம்?”

“எண்பத்தாறு.” அம்மா நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தாள். “எதுக்கு தம்பி ஏழு ஏழா போகுது? யாருக்குக் குடுத்தீங்க?”

டாக்டர் பேனாவை வைத்துக்கொண்டு யோசித்தார். அந்தப் பதிலுக்கு அவர் ஃபாரத்தில் கட்டம் இருந்திருக்காது. பேச்சை மாற்றி, முதலில் சொன்ன மூன்று வார்த்தைகள் என்னவென்று கேட்டார்.

“காசு ஞாபகம் இருக்கு” என்றாள் அம்மா. “மத்த ரெண்டும் உங்ககிட்டயே இருக்கட்டும்.”